சித்தியின் கிண்ணத்தில் மட்டும் இறைச்சி இல்லை

பாரிசில் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு காரியத்தை மறைப்பது மழையில் மிளகாய் காயவைப்பது மாதிரி. காலையில் கோயிலில் யாராவது ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனால், மத்தியானமே செய்தி புறநகர் லா கூர்னெவ் வரைக்கும் போய்விடும். இரவு யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வரும்: “என்னவாம், சரிவரேல்லையாமே?”

என் சித்திக்கு இப்படி இரண்டு தடவை நடந்திருந்தது. அவர் அம்மாவின் தங்கை. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் சின்ன வீட்டில் எங்களோடுதான் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதை விசாரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. மூன்றாவதும் ஊரறிய முறிந்தால் இனி ஒருவரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று அழுதார்.

ஆர்ஜொந்தெயில் இருந்து மூன்றாவது மாப்பிள்ளை வரப்போகிறார் என்றதும், எங்கே வைத்துப் பார்ப்பது என்று வீட்டில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. கோயில் சரிவராது. வீடும் சரிவராது, மாடிப்படியில் எந்த நேரமும் ஆட்கள். அப்போது சித்திதான் உள்ளிப்பூண்டு உரித்தபடி மெதுவாகச் சொன்னார்.

“நான் வேலை செய்யிற ஒப்பீசுக்குக் கிட்ட, ஒப்பெராவுக்குப் பின்னாலை, ஒரு ஜப்பான் கடை இருக்கு. சூப்புக்குள்ளை நூடில்ஸ் போட்டுக் குடுப்பினம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்கை சாப்பிட வராயினம்.”

அப்பா அதைக் கேட்காதது போல இருந்தார். மறுநாள் காலை அது அவருடைய சொந்தத் திட்டமாகியிருந்தது.

நாள் பார்த்ததில் வெள்ளிக்கிழமை வந்தது. அங்கேதான் சிக்கல். அப்பாவின் விரதங்கள் விமானத்திலேயே முறிந்துவிட்டன. அம்மாவின் விரதம் குளிர்காலத்தில் தளரும். சித்தி மட்டும் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார்.

“நல்ல காரியத்துக்குப் போய், அதுவும் வெள்ளிக்கிழமை, பண்டி எலும்பு அவிச்ச சூப்போ?” என்றார் அம்மா.

“சூப்பு இறைச்சியில்லை. தண்ணி,” என்றார் அப்பா.

எனக்கு எட்டு வயது. அம்மா என் நெற்றியில் மூன்று குறி திருநீறு பூசிவிட்டு, ஒரு கட்டளையும் போட்டார்: “ஆரும் எங்கட ஆக்களைக் கண்டால் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் பிரெஞ்சிலை கதை. விளங்கிச்சோ?” அந்தப் பொறுப்போடு மெத்ரோ ரயிலில் ஏறினேன். சித்தியின் வாழ்க்கையே என் நாக்கில் தொங்குவதாக நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பெரிதாக எடுப்பது எனக்குப் பிறவிக் குணம்.

கடை ஒடுக்கமானது. மேசைகள் முழங்கை இடிக்கும் தூரத்தில். முன்னால் நின்றவர் ஜப்பான்காரர், பரிமாறிய பெண்ணும் ஜப்பான்காரி. அப்பா கடையைச் சுற்றிப் பார்த்து, தானே கட்டிய கடை போலப் பெருமையோடு அம்மாவிடம் தலையாட்டினார். மாப்பிள்ளையும் அவருடைய தாயும் வந்து எதிரே இருந்தார்கள். மாப்பிள்ளை நீலச் சேட்டு போட்டிருந்தார், நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான் சொன்னார்கள். அம்மா சித்தியின் காதில் குனிந்தார். “இறைச்சியை ஒதுக்கிப்போட்டு நூடில்ஸைச் சாப்பிடு. விரதம் எண்டு சொல்லி அவையளைக் குழப்பாதை.”

அந்த நேரத்தில்தான், பின்பக்கம் தொங்கிய துணித் திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“டேய், வெங்காயத்தாள் வெட்டினனியோ இல்லையோ?”

யாழ்ப்பாணத்து வடமராட்சித் தமிழ். சந்தேகமே இல்லை.

அப்பாவின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை நடு வழியில் நின்றது. பாரிசில் எந்த நாட்டுக் கொடியைத் தொங்கவிட்ட கடையானாலும் குசினிக்குள் கோப்பை கழுவுவதும் கறி வெட்டுவதும் எங்கள் ஆட்கள் என்பது லா ஷப்பலில் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்பாவே வந்த புதிதில் ஓர் இத்தாலியக் கடையில் மூன்று வருஷம் பீட்சாவுக்கு மாப் பிசைந்தவர். சாப்பிட யார் வருவார்கள் என்று யோசித்தோமே தவிர, சமைப்பது யார் என்று யோசிக்கவில்லை.

அடுத்த கணம் அப்பா பிரெஞ்சுக்கு மாறினார். மாப்பிள்ளையின் தாய்க்கும் விஷயம் விளங்கி, அவரும் மாறினார். பிறகு நடந்தது மாதிரி ஒரு சம்பந்தப் பேச்சு எங்கள் சாதிசனத்தில் நடந்திருக்காது. அப்பா வேலைத்தலப் பிரெஞ்சில், “பெண் நல்ல நிலையில் உள்ளது, பழுது கிடையாது,” என்றார். அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். இரண்டையும் மாறி மாறிச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் எல்லாவற்றுக்கும் ‘வி, வி’ என்று ஆமாம் போட்டார். இடைக்கிடை அப்பா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார், மொழிபெயர்க்கச் சொல்லி. சித்தி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று எழுந்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் இடம் அதுதான், இன்றைக்கும். அங்கே போக அந்தத் திரையைத் தாண்டவேண்டும். தாண்டும்போது திரை விலகி, வெள்ளைக் கவசத்துணி கட்டிய ஒருவர் நேரே முன்னால் நின்றார். கையில் நீளக் கரண்டி.

“தம்பி,” என்றார்.

நான் சுத்தமான பிரெஞ்சில், “ஐயா, நான் தமிழன் இல்லை,” என்றேன். நெற்றியில் மூன்று குறி திருநீறோடு.

அவர் சிரிக்கவில்லை. நான் கழிப்பறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் கதவடிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“பயப்பிடாதை ராசா. ஒண்டே ஒண்டு சொல்லு. சித்திக்கு அந்த நீலச் சேட்டுக்காரரைப் பிடிச்சிருக்கோ?”

அவர் என் சித்தி என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. எல்லாம் தெரிந்த ஒற்றன் என்று முடிவுகட்டி, “எனக்கு விளங்கவில்லை,” என்று பிரெஞ்சில் கத்தினேன்.  குசினிக்குள் இருந்து யாரோ, “அண்ணை, சூப்பு பொங்குது!” என்று கூப்பிட, அவர் போய்விட்டார்.

நான் திரும்பிவந்தபோது கிண்ணங்கள் வந்திருந்தன. எல்லோருடையதிலும் இரண்டு துண்டு பன்றி இறைச்சி, பாதி முட்டை, பால் நிறச் சூப்பு. சித்தியுடையது வேறு மாதிரி இருந்தது. தெளிந்த சூப்பு, அதில் காளான், கோவா இலை, வெங்காயத்தாள். இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. யாரும் அப்படிக் கேட்கவில்லை. சித்தியின் முறை வந்தபோது இறைச்சி முடிந்துவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது. என் துண்டு ஒன்றை எடுத்து அவர் கிண்ணத்தில் போடப் போனேன். அவர் கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டார்.

சித்தி அன்று சூப்பில் ஒரு சொட்டு மிச்சம் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றார்.

“ஏன்?”

“நூடில்ஸைக் கத்தியாலை வெட்டிச் சாப்பிடுறார்.”

“அதொரு குறையோ?” என்று அப்பா தலையில் கைவைத்தார்.

அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். ஒரு நாளும் ஒருவரும் அழைக்கவில்லை. மரக்கறிக் கடையிலும் ஒருவரும் கேட்கவில்லை. தன் திட்டம் பலித்தது என்றார் அப்பா. என் பிரெஞ்சுதான் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும், அடக்கத்தால் சொல்லவில்லை.

குளிர்காலம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அந்தக் கரண்டிக்காரர். கரண்டிக்குப் பதில் கையில் வெற்றிலை, வாழைப்பழத் தட்டு. பக்கத்தில் அவருடைய அக்கா. ஊருக்கெல்லாம் சொல்ல வந்துவிட்டான் என்று நான் ஓடிப்போய் எங்கள் வீட்டுக் கழிப்பறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டேன்.

வெளியே அவர்கள் உட்காரக் கதிரைகள் இழுபட்டன. “உங்களை எங்கையோ கண்ட மாதிரி இருக்கு,” என்றார் அப்பா. தட்டு மேசையில் வைபடும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள் கதவடிக்கு வந்தன.

“தம்பி, இப்பவாவது தமிழ் விளங்குதோ?”

 தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன், நான் விட்டால் சித்தி போய்விடுவார் என்பது போல. குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி சிரிப்பது கேட்டது. பாவம், என்னைவிடப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.