குனிந்தால் வலிக்கும் முகம்

எங்கள் வகையறாவில் தீபாவளிப் புதுத்துணியைச் சும்மா வாங்கி உடுத்திவிட முடியாது. பெரியவர்கள் காலில் விழுந்து, திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் துணி கைக்கு வரும். ஒத்தக்கடையில் பெரியப்பா வீட்டு ஹாலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றோம். என் முறை வந்தபோது நான் கையை மட்டும் கூப்பிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன்.

சில நாளாகவே மூக்கு அடைத்து, கன்னமும் புருவமும் கனத்துக் கிடந்தன. குனிந்தால் போதும், முகத்துக்குள் கல் உருண்டு வந்து முட்டுவது போல வலிக்கும். சொல்லிப் பார்த்தேன். சின்னப்பிள்ளைக்கு முகத்தில் என்ன வலி என்று விட்டுவிட்டார்கள்.

“காலுல விழுந்தா கிரீடம் கழண்டுருமாக்கும்” என்றார் பெரியப்பா.

“அப்படியே அவ மாமன் மாதிரி” என்றாள் பெரியம்மா. ஹாலே சிரித்தது. அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். தம் கல்யாணத்தில் தாத்தா காலில் விழாமல், நின்றபடியே கும்பிட்டவர். தாத்தா சாகிறவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திமிர் பிடித்தவர் என்று பேராகிப்போனது. விசேஷ நாட்களில் வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். துணி கிடைக்காத நானும் அவர் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே பலகாரத் தட்டுகள் சுற்றின. எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, “எங்க வலிக்குது ஆத்தா?” என்று கேட்டார். அந்த வீட்டில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் கை தன் கன்னத்துக்குப் போனது.

மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வண்டியில் என்னைக் கே.கே. நகர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என் கன்னத்தை அமுக்கி, “குனிஞ்சா கூடுதா?” என்றார்.

“ஆமா சார்” என்றார் மாமா.

“நான் பாப்பாவைக் கேட்டேன்.”

“எனக்கும்தான் சார். வருசக்கணக்கா, கல்யாணத்துக்கு முந்தியே. பல்லுன்னு நெனச்சு ரெண்டு கடவாப்பல்ல வேற பிடுங்கிட்டாக.”

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. கன்ன எலும்புக்குள்ளும் நெற்றிக்குள்ளும் காற்று நிற்கிற சிறு அறைகள் உண்டு, வழி அடைத்தால் சளி உள்ளே தேங்கி அழுத்தும், மேல்பல் வலிப்பது போலக்கூட இருக்கும் என்று சொல்லிக்கொண்டே மாமாவின் கன்னத்தையும் அமுக்கிப் பார்த்தார்.

“இதுக்குன்னு ஒரு பேரு இருக்கா சார்?”

“சைனஸ்.”

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

பொங்கலுக்குள் எனக்குச் சரியாகிவிட்டது. அவருக்கும் மருந்தும் ஆவி பிடிப்பதுமாய் வலி அடங்கியிருந்தது. நான் எல்லார் காலிலும் பொத்துப் பொத்தென்று விழுந்து எழுந்தேன். படையல் போடும்போது மாமா வாசல் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்தார். தாத்தா படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“செத்த பெறகு புத்தி வந்திருக்கு பாரு மாப்ளைக்கு” என்றார் பெரியப்பா.

மாமா எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்தபடி அப்படியே கிடந்தார். குனிந்தால் இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது, பாவம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.