மச்சானின் இருமல்

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்து, கீமோ ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். வெளியிலிருந்து கிருமி வந்தால் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அந்நியன் என்று கண்டுகொண்டு அடித்துவிடுமாம். புற்றுநோய் நம் உடம்பிலேயே பிறந்து கெட்டுப்போன செல். அதனால் பல நேரம் சொந்தம் என்று நினைத்து விட்டுவிடுமாம். அதைக் கொல்ல ஏற்றும் மருந்தோ வெள்ளையணுக்களையும் சேர்த்து அழித்துவிடும். "யாரையும் பக்கத்துல விடாதீங்க. காய்ச்சல்னா உடனே கூட்டிட்டு வந்துருங்க. நீங்களா மாத்திரை குடுத்துப் பாக்காதீங்க" என்றார்.

எங்கள் சனத்திடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு. பார்க்க வந்தவரை வாசலில் நிறுத்தினால் அதைவிடப் பெரிய பேச்சு. வில்லாபுரம் வீட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டு காவல் இருந்தேன். வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கம்பிக்கு மேலே நீட்டிவிட்டு, தெருமுனை தாண்டுவதற்குள் என்னை வைதார்கள். வையட்டும் என்றிருந்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து அவள் அண்ணன் வந்த அன்றுதான் பூட்டு திறந்தது. ஆட்டுக்கால் சூப் சிந்தாமல் தூக்குவாளியைப் பிடித்தபடி பஸ்ஸில் நின்றே வந்திருந்தார். பேச வாயைத் திறந்ததும் இருமல்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இருமல் நின்னதும் வாங்க."

"ஏன் மாப்ள, என் தங்கச்சிய நான் பாக்கக் கூடாதா? தூசி இருமல்தான். இதுக்கா இம்புட்டு?"

உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "எங்க அண்ணன வாசல்ல நிக்க வைக்காதீங்க. நாளைக்கு நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடிச் சேலைய அவருதான் கொண்டு வரணும்."

பூட்டைத் திறந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதார். இருமினார். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு அதே கையால் சூப் ஊட்டினார்.

அதன் பிறகு தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "காய்ச்சல் அடிக்குதா?" என்றால் இல்லையே என்பாள். தெர்மாமீட்டரும் அதையேதான் சொன்னது. ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டின் மேலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி சொன்னாள்: "ரெண்டு நாளா காய்ச்சல்தாங்க. மாத்திரை போட்டு அமுக்கிட்டேன். அண்ணனாலதான் வந்துச்சுன்னு நீங்க சொல்லிருவீங்களேன்னு..."

சொல்லியிருப்பேன்தான். இப்போதும் சொல்கிறேன். கட்டி நன்றாகவே கரைந்துகொண்டு வந்ததாம். அவளைக் கொண்டுபோனது ரத்தத்தில் பரவிய கிருமி. அடித்து விரட்ட அவள் உடம்பில் ஆள் இல்லை.

கோடிச் சேலையோடு மச்சான் வந்தார். அன்றைக்கு எங்கள் கேட் விரியத் திறந்து கிடந்தது. என்னைக் கட்டிப்பிடித்து வெகுநேரம் வாய்விட்டு அழுதார். ஒரு தடவைகூட இருமவில்லை.