வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விழுந்த சார்ஜ்

ராஜபாளையம் கிளையில் நான் கரண்ட் அக்கவுண்ட் கவுண்டரில் இருந்த காலம். எண்பதுகளின் நடுப்பகுதி, எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். உட்கார இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காத நாளில் என் கவுண்டருக்கு வருபவர்கள் பாவம்.

நின்றுகொண்டே வந்து சேர்ந்த ஒரு சனிக்கிழமை, உரக்கடை சுப்பையா அண்ணாச்சி எங்கள் பேங்க் ஸ்டேட்மெண்டை நீட்டியபடி உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் கடைக் கணக்கர் ஜேசுராஜ்.

"ஏம்மா, இதப் பாரு. வாரம் தவறாமப் பணம் குறையுது. கேட்டா பேங்க் சார்ஜஸ்னு சொல்லுதான். எதுத்த கடைக்காரனும் இங்கனதான் கணக்கு வச்சிருக்கான். அவனுக்கு இல்லாத சார்ஜ் எனக்கு மட்டும் எங்கருந்து வரும்? பணத்தக் கட்ட வாரது இவன். நடுவுல எங்கயோ ஓட்ட இருக்கு. இன்னையோட இவன வேலைய விட்டு நிறுத்திருவேன்."

ஜேசுராஜ் தலை குனிந்து நின்றார். அது என்ன சார்ஜ் என்று அவர் ஏற்கெனவே எங்களிடம் வந்து கேட்டிருக்கிறார். பக்கத்துக் கவுண்டர்காரர், "பேங்க் சார்ஜஸ்யா, போ" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பதிலை முதலாளியிடம் போய்ச் சொல்லித்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி எங்கள் ஆட்கள் மேல்தான்.

அந்தத் தொகைகளுக்கு நேரே டி.ஓ.டி. என்று எழுதியிருந்தது. கணக்கில் இருப்பு போதாத நாளில், நல்ல பார்ட்டி என்றால் மேனேஜர் தன் பொறுப்பில் செக்கைப் பாஸ் செய்வார். அந்தத் தற்காலிகக் கடனுக்கு வட்டியும் சேர்த்துப் போடுகிற சார்ஜ் அது. ஆனால் அண்ணாச்சி கடையில் வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் வரிசையில் நின்று உரம் வாங்குவார்கள். அவருக்கா இருப்பு போதாது?

தேதிகளைச் சுவர்க் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளிக்கிழமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழம பேங்குக்குப் பணம் அனுப்ப மாட்டீகளா?"

"வெள்ளிக்கிழம எவனாவது லட்சுமிய வெளிய அனுப்புவானா? வியாழக்கிழம வசூலும் பெட்டிலதான் கெடக்கும். சனிக்கிழமதான் இங்க வரும்."

"உரக் கம்பெனிக்கு செக் என்னைக்கு எழுதுவீக?"

"புதன்கிழம. அதுக்கென்ன?"

"அத அவுக பேங்குல போட்டு, கிளியரிங்ல வெள்ளிக்கிழமதான் எங்ககிட்ட வருது. பணம் ஒங்க பெட்டில பூட்டிக் கெடக்கு, கணக்குல இல்ல. செக்கு திரும்புனா ஒங்க பேரு கெட்டுப்போகும்னு மேனேஜர் பாஸ் பண்ணுதாரு. அதுக்குத்தான் இந்த சார்ஜ். வெளிய விடக் கூடாதுன்னு நீங்க பூட்டி வச்ச அதே நாளுலதான் லட்சுமி வட்டியோட போயிருக்கா."

"வெள்ளிக்கிழமையா போயிருக்கு?" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் வெளிறிவிட்டது. போன பணத்தைவிட, போன கிழமைதான் அவரைக் கலக்கியது.

வெள்ளிக்கிழமை பணம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிக்கையில் கை வைப்பது கவுண்டர் வேலை இல்லை. செக்கைத் திங்கட்கிழமை எழுதுங்கள், புதன்கிழமை வந்துவிடும், அன்று கணக்கில் பணம் இருக்கும் என்றேன். அவருக்கும் அது பிடித்துப்போனது.

"செரி ஜேசு, வா போவோம்" என்று ஒன்றுமே நடக்காதது போல் திரும்பினார்.

ஜேசுராஜ் நகரவில்லை.

"மொதலாளி, கடையில அம்புட்டுப் பேரு முன்னாடி என்னையக் களவாணின்னீக. இல்லன்னு இங்க தெரிஞ்சாப் பத்தாது. அங்க வந்து சொல்லணும்."

அந்த மனிதர் அப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சி ஸ்டேட்மெண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "சொல்லுதேன்" என்றார்.

திங்கட்கிழமை ஜேசுராஜ் பணம் கட்ட வந்தார். "சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாரு மேடம். மூட தூக்குறவங்க வரைக்கும் கூப்புட்டு நிக்க வச்சு, கல்லாவ விட்டு எந்திரிச்சு நின்னு சொன்னாரு."

பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்குப் பிரமோஷன்கள் வந்தன, பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அந்தத் திங்கட்கிழமை போல எதுவும் இல்லை.

இப்போது கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 'பேங்க் சார்ஜஸ்' என்பது பதில் இல்லை. எதற்குப் போட்டோம், எந்த நாளில் போட்டோம், இனி வராமலிருக்க என்ன செய்யலாம் என்பதுதான் பதில். வாடிக்கையாளர்களே, நீங்களும் அது கிடைக்கும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். கவுண்டரில் இருக்கும் நாம் சோம்பல்பட்டுச் சொல்லும் இரண்டு வார்த்தையைக் கொண்டுபோய், அதற்காகத் திருட்டுப் பட்டம் சுமப்பவர் இன்னொருவர்.