கோட்டம்மாவின் கரைச்சந்தை

நகராட்சிக் கட்டடப் பிரிவில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கோடு போடுகிறவள் கோட்டம்மா, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும் முதல் படத்தைப் பென்சிலால்தான் போடுவாள். காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில், கையில் ஒன்று. இத்தனையும் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடுவாள். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த மாடியில் கிடையாது. ஆனால் ஒரு சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று தகராறு வந்துவிட்டால், சிரித்தவர்களே அவள் மேசைக்கு முன்னால் வந்து கைகட்டி நிற்பார்கள்.

ஆற்றங்கரைச் சந்தையைப் புதிதாகக் கட்டும் வேலை அவளிடம் வந்தது. கூடை, பாய், பானை, கயிறு, சாப்பாடு எல்லாம் அங்கே சேற்றில் தார்ப்பாய் விரித்துத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேலிடத்தில் ஒரே ஒரு நிபந்தனை: சந்தை மூடிய பிறகு சாலையில் போகிறவனுக்கு ஆறு தெரிய வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரோ கதவோ அறையோ கூடாது. கோட்டம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. ஆற்றை மறைத்துவிட்டு ஆற்றங்கரைச் சந்தை என்று பலகை மாட்டுவது அவளுக்கு ஆகாத காரியம்.

வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் நினைப்பு இருக்காது. காலையும் மாலையும் கரையில் போய் உட்கார்ந்தாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அடுப்புப் புகை பாய்களின் மேல் படியாதபடி சாப்பாட்டுக் கடைகளைக் கடைசிக்குத் தள்ளினாள். பானைக்காரருக்குப் படி வைக்கவில்லை; பானையோடு படி ஏறுவது யாருக்கும் பிடிக்காது. நடைபாதைக்கு அவள் வைத்த கணக்கு அழகானது: இரண்டு பேர் நின்று பேரம் பேச வேண்டும், மூன்றாவது ஆள் அவர்களைத் திட்டிக்கொண்டே கடந்து போக வேண்டும். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

அட்டையில் சந்தையைச் சின்னதாகச் செய்து கரையில் வைத்து வியாபாரிகளுக்குக் காட்டினாள். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கூடைக்காரர் தன் கடையில் நின்ற தீக்குச்சி மனிதனைப் பார்த்து, "இது நானா? கடை வந்தா இளைச்சிடுவேன் போலிருக்கே!" என்றார். கோட்டம்மாவின் அக்கா மட்டும் கடைசி வரிசையை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அந்தக் கரையில் மீன் பொரித்து விற்பவள் அவள். வாய் ஓயாதவள். அவள் பேசாமல் போனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

சாயங்காலம் கோட்டம்மா மேட்டுத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வலது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கடை பிடிக்கலையா?"

"கடை ராஜாவாட்டம் இருக்கு. சாயங்காலம் அடுப்பை எங்கடி வைக்கிறது?"

"எப்பவும் போல..." என்று தொடங்கிய கோட்டம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்பவும் போல வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும். காலையில திரும்பத் தூக்கிட்டுப் போகணும். அதானே?"

கோட்டம்மாவுக்குப் பளாரென்று அறைந்தது போல இருந்தது. காற்றை அளந்தாள், வெயிலை அளந்தாள், இதை அளக்கவில்லை. ஏன் என்றால் அவள் தூக்கியதே இல்லை. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்துப் படிக்க வைத்தது அக்காதான். பள்ளிக்கூட நாளில் ஒருமுறை சட்டியின் காதைப் பிடித்ததற்கு, "போய்ப் படிடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு அடுப்பும் வாணலியும் விறகும் எண்ணெய்த் தகரமும் அக்கா ஒருத்தியின் மேல்தான் அந்த மேட்டில் ஏறின, இறங்கின. தங்கை தினமும் பார்த்தாள். பார்ப்பது வேறு, சுமப்பது வேறு.

"இனிமே பாரம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் அக்கா. "புதுச் சந்தையில பூட்டி வைக்க ஒரு இடம் இருக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். இல்லைன்னா என்ன, இந்த வருஷத்தோட சரி. திறப்பு விழாவுக்கு வரேன். விருந்தாளியாட்டம் சுத்திப் பாத்துட்டு வீட்டுல வந்து உட்காந்துக்கிறேன்."

வீட்டில் உட்கார்ந்தால் அக்கா ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்று கோட்டம்மாவுக்குத் தெரியும். தன் அக்காவுக்கு இடமில்லாத சந்தையை ஊர் மெச்சி என்ன ஆகப்போகிறது!

மறுநாள் தலைமைப் பொறியாளரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். "அறை கிடையாதும்மா. அது முடிஞ்ச பேச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய கிடங்கு ஒண்ணு சும்மா கிடக்கு, வேணும்னா தரேன்" என்றார். அக்காவிடம் சொன்னபோது, "அதுக்கு என் வீடே பக்கம்டி" என்றாள்.

கோட்டம்மா மறுபடி கரைக்குப் போய் உட்கார்ந்தாள். சாப்பிடுகிறவர்கள் உட்கார இடமில்லாமல் கவிழ்த்த கூடை, எண்ணெய்த் தகரம் என்று கிடைத்ததன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் புதுச் சந்தைப் படத்தில் வரிசைக்கு வரிசை கல் பெஞ்சு போட்டிருந்தாள். தன் படத்தை எடுத்து அந்தப் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரம், நல்ல அகலம், இடுப்புக்குக் கீழே. இவ்வளவு பெரிய வயிற்றை எதற்குக் கல்லால் அடைக்க வேண்டும்? பெஞ்சையே பெட்டியாகச் செய்தால் சாமானை உள்ளே வைத்துப் பூட்டலாமே!

"ஜனங்களைப் பெட்டி மேல உட்காரச் சொல்றீங்களா?" என்றார் பொறியாளர்.

"தகரத்து மேல உட்காந்துதான் சார் இப்பவும் சாப்பிடுறாங்க."

அவர் யோசித்தார். "ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. அடுத்த வாரம் கல்லுக்கு ஆர்டர் போகுது. பெட்டி சரிவரலைன்னா கல்லுதான், அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

நகராட்சித் தச்சர் கனமான பலகையில் பெட்டி செய்தார். மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. தணல் பட்டாலும் பற்றாதபடி உள்ளே ஒரு மூலைக்குத் தகரம் அடித்தார். "ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு" என்று அவரே மெச்சிக்கொண்டு அக்கா கடைக்கு முன்னால் இறக்கினார். பொறியாளரும் பார்க்க வந்திருந்தார்.

அக்கா சாமான்களை உள்ளே வைத்து மூடினாள். முதல் வாடிக்கையாளராக வந்தவர் ஒரு மூட்டை தூக்கும் ஆள். மலை மாதிரி உடம்பு. சிம்மாசனம் கிடைத்தது போல மூடி மேல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். அக்காவுக்கு அரிகரண்டி வேண்டும். அது பெட்டிக்குள்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க."

எழுந்தார். உட்கார்ந்தார். அடுத்து உப்பு. அதற்கடுத்து எண்ணெய். மூன்றாவது தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடையின் தகரத்துக்கே போய்விட்டார். அதற்குள் வாணலியில் மீன் கருகிப் புகை கிளம்பியது.

"சாப்பிட வந்தவரை எழுப்பி எழுப்பி உட்கார வைக்கிறேனே, விளங்குமா?" என்று அக்கா கரண்டியை வீசினாள். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டார்.

வேறு யாராவது என்றால் அங்கேயே கூனிக் குறுகியிருப்பார்கள். கோட்டம்மா அடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவை நகரச் சொல்லி, அக்கா நிற்கும் இடத்தில் நின்றாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கடையை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு உப்புக்குக் கை நீட்டினாள். தாழ்ந்த கை, பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் போய் இடித்தது.

"அண்ணே, அந்த மூடிக்கு ஆணி அடிச்சிடுங்க" என்றாள் தச்சரிடம்.

"மூடிக்கா? அப்புறம் எப்படித் திறக்கிறது?"

"கதவு இந்தப் பக்கம். உட்காருறவங்களுக்கு மேல் பலகை போதும். திறக்கிறவங்க இங்கதானே இருக்காங்க!"

தச்சர் தலையில் அடித்துக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். கதவு தயாரானதும் பொறியாளரையே பெட்டி மேல் உட்கார வைத்தாள். அவர் ஒரு மீன் சாப்பிட்டார், இரண்டாவதும் கேட்டார். "ஏம்மா, எப்பத் திறந்து காட்டப் போறீங்க?" என்றார்.

"நாலு தடவை திறந்தாச்சு சார்" என்றாள் அக்கா.

அவர் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கல்லுக்கு ஆர்டர் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கோட்டம்மாவின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். "சாயங்காலம் என்னென்ன தூக்கிட்டுப் போறீங்க? காட்டுங்க" என்று கேட்டு, தானே ஒருமுறை தூக்கியும் பார்த்தாள். பாய்க்காரருக்கு நீள பெஞ்சு, கயிற்றுக்காரருக்குக் காற்றுப் போக ஓட்டை போட்ட பெஞ்சு. பானைக்காரரின் பெரிய குதிர் எதற்குள்ளும் அடங்கவில்லை. "அதை வெளியிலேயே விடும்மா. தூக்க முடிஞ்சவன் தூக்கிட்டுப் போகட்டும், கூலி மிச்சம்" என்றார் அவர்.

சந்தை திறந்த அன்று கூட்டம் அலைமோதியது. பேச்சுகள் நடந்தபோது கோட்டம்மா மேடைப் பக்கமே போகவில்லை. பெஞ்சில் யார் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அலைந்தாள். இருட்டுவதற்குள் மீன் தீர்ந்தது. அக்கா அடுப்பை உள்ளே தள்ளினாள், வாணலியை வைத்தாள், பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

இருவரும் மேட்டுத் தெருவில் நடந்தார்கள். அக்கா கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். சுமை இல்லாவிட்டாலும் வலது பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

"என்னக்கா?"

"எதையோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்குடி. கை சும்மா இருந்தா நடை வரமாட்டேங்குது. உன் பையையாவது கொடு."

"தர மாட்டேன்."

"கொடுடி, பழக்கம் விடமாட்டேங்குது."

"முடியாதுக்கா." கோட்டம்மா பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அக்காவுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீசிப் பார்த்தாள், கட்டிப் பார்த்தாள். கடைசியில் தங்கையின் தோளில் போட்டுக்கொண்டாள். நல்ல கனமான கை. கோட்டம்மா அதைத் தாங்கிக்கொண்டு மெதுவாக மேடேறினாள்.