நெற்றியில் எழுதிய சிங்கம்

லோகநாயகிக்கு எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கீறல் பார்ப்பதுதான் அவள் வேலை. இதற்கிடையில் ஐந்து வருஷமாக லூபஸ். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் என்று டாக்டர் ஸ்வாதி சொன்னபோது, "அதுக்கு யாரு மேடம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டவள். அந்தச் சக்தியை அடக்கி வைக்கத் தினமும் மாத்திரை.

போன ஆவணியில் இடது நெற்றி எரிந்து, முத்து முத்தாக அக்கி கிளம்பியது. அக்கிக்கு ஆஸ்பத்திரி போகும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கணவன் ராஜாராம் நேரே செய்யூருக்குக் கூட்டிப்போனான். மண்பாண்டம் செய்யும் அருணகிரி, செங்காவியைக் குழைத்து நெற்றியில் சிங்கம் எழுதினார். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்றார்.

"ஏன் சிங்கம்?" என்றாள்.

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? எங்க நைனா எழுதுனாரு, நானும் எழுதுறேன்."

மறுநாள் காலை கைக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அக்கி நடுநெற்றியில் ஸ்கேல் வைத்ததுபோல் நின்றிருந்தது. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. இதென்ன கணக்கு என்று வியந்துகொண்டே கண்ணாடியைக் கீழே இறக்கினால், மூக்கு நுனியில் புதிதாக ஒன்று. இடது கண்ணும் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி ஃபைலின் அட்டையில் 'கொப்புளம் வந்தால் அன்றே வரவும்' என்றிருக்கும். நூறு தடவை படித்த வரி. அக்கியும் கொப்புளம்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

"சிங்கத்த அழிச்சா அக்கி ஏறிக்கும் நாயகி. இன்னும் ரெண்டு நாள்தான்," என்றான் ராஜாராம்.

"கண்ணு போச்சுன்னா சிங்கத்த எத்த வெச்சிப் பாக்குறது? வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வாதி பஞ்சை நனைத்துக் காவியைத் துடைத்தார்.

"சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"ஆறாவது படிக்கசொல்லோ."

"அந்த வைரஸ் போகல. இத்தனை வருஷம் நரம்புல தூங்கிட்டிருந்தது. மாத்திரையால எதிர்ப்பு குறைஞ்சதும் அக்கியா முழிச்சிருச்சு. மூக்கு நுனிக்கு வர்ற நரம்புதான் கண்ணுக்குள்ளயும் போகுது."

"ஒரு பக்கத்து நரம்பு. அதான் நடுவுல நின்னுகினு கீதா?"

இந்த நேரத்திலும் கணக்குப் பார்க்கிறாளே என்று ராஜாராமுக்கு எரிச்சலாக வந்தது. "கண்ணு பொழைக்குமா மேடம்?" என்றான்.

"ஊசி போடுறோம். இப்ப உறுதியா சொல்ல முடியாது."

ஊசி போட ஆரம்பித்த பதினாறாம் நாள், கண் டாக்டர் அவளுடைய வலது கண்ணை மூடிவிட்டு எதிர்ச் சுவரிலிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசி வரியில் சற்று நின்று, அதையும் படித்தாள். பிறகு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள்.

"அதை யாரும் படிக்க மாட்டாங்கம்மா," என்றார் டாக்டர்.

ராஜாராம் வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று அழுதான்.