விண்வாயன் கடலில் நின்ற நாள்

சுவாதிக்கு இருபத்தேழு வயது. தினமும் கடலூர் முதுநகரில் ரயில் ஏறி சிதம்பரத்தில் இறங்குவாள். கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது கலியமூர்த்தியின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே அவள் கணினியில்தான் உருவாகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே அச்சகத்திலிருந்து ஒரு காமிக்ஸ் புத்தகமும் வரும். கதை கலியமூர்த்தி எழுதுவார். படம் சுவாதி போடுவாள்.

கதாநாயகன் பெயர் கதிர்மாறன். வானத்தில் பறப்பான், நியாயம் பேசுவான். அவனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாசகர்கள் காத்திருந்ததெல்லாம் வில்லன் விண்வாயனுக்காக. மலைக்கு மேல் மலை வைத்தது போன்ற உயரம். முகத்தில் கண் கிடையாது, வாய் மட்டும்தான். நட்சத்திரங்களை விழுங்குவான். விழுங்கியவை அவன் விலா எலும்புகளுக்கு நடுவே மினுமினுத்துக்கொண்டிருக்கும். அந்த மினுமினுப்பு சுவாதியின் யோசனை. திட்டக்குடியிலிருந்து ஒரு வாத்தியார், "விண்வாயனை மட்டும் கொன்றுவிடாதீர்கள்" என்று கடிதமே போட்டிருந்தார்.

ஏழாவது இதழுக்கான கதையைக் கலியமூர்த்தி வெள்ளிக்கிழமை கொடுத்தார். விண்வாயன் பூமிக்கு வருகிறான். கடலை அள்ளி ஒரு கரையோர ஊரின் மேல் வீசுகிறான். 'பத்து மாடி உயரத்துக்கு அலை. மக்கள் அலறி ஓடுகிறார்கள். இரண்டு பக்கம் சேர்த்துப் பெரிய படம்' என்று குறிப்பு எழுதியிருந்தார்.

சுவாதி மறுநாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோடுகள் வந்தன, அழித்தாள். மாலையில் எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

"சார், கடல் அப்பிடி வராது."

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். அவள் கடலோரத்துச் சோனாங்குப்பத்துக்காரி என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுதும்போது அது அவர் நினைவில் வரவே இல்லை.

"சுனாமிய நான் டிவியிலதாம்மா பாத்தேன்," என்றார் மெதுவாக. "அன்னைக்கி நீ அங்கதான் இருந்தியா?"

"ஆறு வயசு சார். அக்காவுக்கு ஒம்போது. மொதல்ல ஒரு தண்ணி வந்து வாசல நனைச்சிட்டுப் போச்சி. அப்புறம் கடல் உள்ள போயிடுச்சி. அவ்ளோ தூரம் மணல நாங்க பாத்ததே இல்ல. மீனெல்லாம் துள்ளுது. புள்ளைங்க எல்லாம் பொறுக்க ஓடுச்சிங்க."

"உங்க அக்கா?"

"அவளும் ஓடுனா."

கலியமூர்த்தி கதைத் தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். "வேணாம்மா. அவன் ஏதாவது ஒரு நெலாவ முழுங்கிட்டுப் போவட்டும். வேற எழுதறேன்."

"இல்ல சார். நானே போடறேன். எப்பிடி போடணும்னு மட்டும் என்கிட்ட விட்டுடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அந்தக் காலை துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. மீதி அம்மாவிடம் இருந்தது. ராணியம்மாள் துறைமுகத்தில் மீன் எடுத்து முதுநகர் மார்க்கெட்டில் விற்பவள். ஊரே கேட்கும் குரல். ஆனால் இருபது வருடத்தில் மூத்த மகளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா தங்கராசுவும் பேசமாட்டார். அன்று அவர் படகில் ஆழ்கடலில் இருந்தார். அங்கே அலை போனதே தெரியவில்லை. அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அரசாங்கம் கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பு வீட்டின் பின்புறம், அம்மா அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். சுவாதி பக்கத்தில் போய் உட்கார்ந்து, வரைந்தவரைக்கும் தாளில் எடுத்து வந்த படங்களைக் காட்டினாள்.

"யாருடி இவன், கண்ணே இல்லாம?"

"வில்லன்மா. நட்சத்திரத்தையெல்லாம் முழுங்கறவன்."

"எதுக்கு முழுங்கறான்?"

"பசி. எவ்ளோ முழுங்குனாலும் அடங்காது. கடல ஊருக்குள்ள விடறதும் இவன்தான்."

ராணியம்மாள் கை நின்றது. வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"ஒன் கைய புடிச்சிருந்தேன்," என்றாள். "அவ கையில குண்டான் இருந்திச்சி. மீன் கொண்டாறேன்னு போனா. வாடின்னு கத்துனேன். திரும்பிப் பாத்து சிரிச்சா. அப்புறம் தண்ணி வந்திச்சி. ஒசரமா எல்லாம் இல்ல. கருப்பா, வந்துகிட்டே இருந்திச்சி. நிக்கவே இல்ல."

அம்மா படத்தில் இருந்தவனைக் காட்டினாள்.

"இவன அதுல சேக்காத. யாரோ ஒருத்தன் பசிக்கு அவ போவல. கடலுக்குக் கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்திச்சி, போச்சி." அம்மா மறுபடி மீனை எடுத்தாள். "அப்பிடி ஒருத்தன் இருந்திருந்தா நான் போய் அவன் வயித்தையே கிழிச்சிருக்க மாட்டனா?"

அடுத்த வாரம் சுவாதி எட்டுப் பக்கம் வரைந்தாள். வசனமே கிடையாது. விண்வாயன் பூமியை விழுங்க இறங்கிக் கடலில் இடுப்பளவு நிற்கிறான். அவன் தொடாமலே கடல் உள்வாங்குகிறது, திரும்புகிறது. பிறகு கரையில் ஜனங்கள் சேற்றில் தேடுகிறார்கள். ஆயிரம் சூரியன்களைத் தின்றவன் வானமளவுக்கு நிற்கிறான். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து பிள்ளைகளைத் தேடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் வாய் மூடியிருக்கிறது. எதையும் விழுங்காமல் திரும்பிப் போகிறான்.

கலியமூர்த்தி இரண்டு முறை புரட்டினார்.

"ஹீரோ எங்கம்மா?"

"வரல சார். அன்னைக்கி யாரும் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எதையும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினார்.

சண்டையே இல்லையே என்று சிலர் வாட்ஸ்அப்பில் திட்டினார்கள். சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. திட்டக்குடி வாத்தியார் இந்த முறை கடிதம் எழுதவில்லை, போன் செய்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்து, பேச வராமல் வைத்துவிட்டார். எட்டாவது இதழில் கதிர்மாறன் வழக்கம்போலப் பறந்தான், விண்வாயனும் ஒரு கிரகத்தைத் தின்றான்.

புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு பக்கத்தில் நின்றாள். வற்றிய மணலில் குண்டானோடு ஒரு சிறுமி திரும்பிப் பார்க்கும் படம். அதன்மேல் விரலை வைத்திருந்தாள். புத்தகத்தைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, எப்போதாவது பேசுகிறாள். போன வாரம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று சொன்னாள்:

"சினேகாவுக்கு நெத்திலின்னா ஆவாது, தெரியுமா ஒனக்கு? முள்ளு குத்துதுன்னு தட்டையே தள்ளிடுவா."

சுவாதிக்கு அது தெரியாது. அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்புறம் என்னாதாம்மா தின்னுவா?" என்று கேட்டாள்.