தமுக்கடித்த பிறகே திறக்க வேண்டும்

அப்பா போன மாதம் இறந்தார். பெயர் ஐயாவு. தஞ்சாவூருக்குத் தெற்கே, கால்வாய் இறங்கும் இடத்தில் கட்டிய சிறு மின்நிலையத்தில் ஷட்டர் ஆபரேட்டர்.

எங்களுடையது பண்ணைக்கூலிக் குடும்பம். உச்சவரம்பு நிலத்தில் தாத்தாவுக்கு ஒரு ஏக்கர் பட்டா கிடைத்தது. அதற்காக எங்கள் தெருக்காரர்கள் அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அந்த ஆண்டுதான் எங்கள் தெரு பறையைக் கீழே வைத்தது. மிராசுதார் வீட்டுச் சாவுக்கு மட்டுமல்ல, ஊர் அறிவிப்புக்கும் அடிப்பதில்லை என்று முடிவு. அப்பா அப்போது சிறுவர். கடைசிவரை அதில் உறுதியாக இருந்தார்.

ஒரு வெள்ளத்தில் மின்நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து டர்பைன்கள் மூழ்கின. பல மாதம் மின்சாரம் இல்லை. நான் நீரியல் படித்தவள். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மழைமானிகள், ஆற்று மட்டம், பழைய புயல்கள் எல்லாவற்றையும் வைத்து ஓர் அட்டவணை தயாரித்தேன். மேலே இவ்வளவு மழை பெய்தால், இத்தனை மணி நேரம் முன்பே வடிகால் ஷட்டரைத் திறந்து மின்நிலையத்துத் தேக்கத்தின் நீர்மட்டத்தை இறக்க வேண்டும் என்று அது சொல்லும். அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் பழைய விதி ஒன்றும் கூடவே இருந்தது. மற்ற நாளில் வறண்டு கிடக்கும் வடிகாலுக்குள் ஆடு மேயும், ஆட்கள் நடப்பார்கள். அதனால் தமுக்கடித்து அறிவித்த பிறகே திறக்க வேண்டும்.

"உங்க தெருவுல யாரையாவது அடிக்கச் சொல்லுங்க ஐயாவு. ஒரு மணி நேர வேலை" என்றார் பொறியாளர்.

"எங்க தெருவுல அடிக்கிறதில்ல சார். சைரன் வாங்கிக் குடுங்க."

"சைரனுக்கு சாங்ஷன் வேணும். தமுக்குக்கு வேணாமே."

"மழைக் கணக்கு கம்ப்யூட்டர்ல வருது. தண்ணி வருதுன்னு சொல்றது மட்டும் எங்க தோள்லயா சார்?"

"இதுலயும் அரசியலா?" என்று சிரித்தாராம்.

ஆண்டுதோறும் அப்பா சைரன் கேட்டார். தமுக்கு ஏற்பாடு இருப்பதால் தேவையில்லை என்று ஆண்டுதோறும் பதில் வந்தது. எந்தத் தமுக்கு, யார் அடிப்பது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு அந்தக் கார்த்திகைப் புயல். காலையில் சென்னையிலிருந்து போன் செய்தேன்.

"அப்பா, மேல கொட்டுது. இருட்டுறதுக்குள்ள தேக்கத்த இறக்கணும்."

"இன்ஜினியரு தமுக்கடிச்சாச்சான்னு கேக்குறாரும்மா."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

போனை வைத்துவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் ஜெக்கரியா பாய் அவருடைய கூட்டாளி.

"பாங்கு நேரமும் இல்ல, யாரும் மவுத்தாப் போன செய்தியும் இல்ல. இப்ப மைக்கப் போட்டா ஊரே பதறும்ண்ணே."

"பதறட்டும் பாய். அதுக்குத்தான் வந்தேன்."

வடிகால் திறக்கப்போகிறது, ஆடுமாடுகளைக் கரையேற்றுங்கள் என்று பாய் திரும்பத் திரும்ப மைக்கில் சொன்னார். வடிகாலில் யாரும் இல்லை என்று கரையோடு போய்ப் பார்த்துவிட்டு அப்பா ஷட்டரைத் திறந்தார். மறுநாள் வந்த வெள்ளம் டர்பைன் கூடத்தின் வாசற்படியோடு நின்றது. ஓர் ஆடுகூடச் சாகவில்லை.

அடுத்த வாரம் மெமோ. தமுக்கடிக்காமல் திறந்தது விதிமீறல். இன்கிரிமென்ட் நிறுத்தம். பதில் விளக்கத்திலும் அப்பா சைரன்தான் கேட்டிருந்தார். அது வராமலே ஓய்வு பெற்றார்.

இந்த வாரம், தீவிர வானிலைக்கான புதுத் திட்ட வரைவு கணக்குச் சரிபார்க்க என்னிடம் வந்தது. என் அட்டவணை வண்ணப்படமாக உள்ளே இருக்கிறது. இயக்கும் முறைப் பக்கத்தில் அதே தமுக்கு வரி, ஓர் எழுத்து மாறாமல். அதை நீக்கி, சைரன் என்று எழுதி அனுப்பினேன். இன்று திரும்பி வந்தது: 'நடைமுறையில் உள்ளது. மாற்றத் தேவையில்லை.'

அப்பாவின் சாவுக்குக்கூட எங்கள் தெருவில் பறை அடிக்கவில்லை.

மறுபடி நீக்கி அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது. புது ஆபரேட்டருக்கு ஜெக்கரியா பாயின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.